நீர்விசையால் புறச்சுவர் கழுவுதல்: பொதுக் கட்டடங்களுக்கான திட்டம்

சென்னையில் தை பிறக்கும்போது, வடகிழக்குப் பருவமழை விட்டுச் சென்ற அடையாளங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வடக்குச் சுவர்களில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருப்பதைக் காணலாம். ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்கு நோக்கிய சுவரின்மீது வெயில் நேராக விழுவதில்லை. நனைந்த பூச்சு காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. அந்த ஓயாத ஈரத்தில் பாசியும் பூஞ்சையும் தங்கிப் பெருகுகின்றன. கடலை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம் முதலிய இடங்களிலோ, உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டு ஜன்னல் கம்பிகளின் துருவைச் சுவரெல்லாம் கோடுகளாக இறக்கிவிடுகிறது.

இந்த அழுக்கை அகற்றுவதற்கு இப்போது எல்லோரும் நாடுவது ‘பிரஷர் வாஷ்’ என்று வழங்கும் நீர்விசை இயந்திரத்தை. சாதனம் நல்லதே. 1950-ல் ஜெர்மனியின் கேர்ஷர் நிறுவனம் சுடுநீரை உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சும் இயந்திரத்தை ஐரோப்பாவில் முதன்முதலாகச் செய்து வெளியிட்டது. 2005-ல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் செதுக்கப்பட்டுள்ள நான்கு ஜனாதிபதிகளின் முகங்களிலிருந்து கற்பாசியை அகற்றியதும் அந்த நிறுவனத்தின் இயந்திரங்களே. ஆயினும், கருங்கல் மலை தாங்கிய விசையை நம்முடைய சிமெண்டுப் பூச்சும் எமல்ஷன் பெயிண்டும் தாங்குமென்று எண்ணி வேலையைத் தொடங்கும் நிர்வாகக் கமிட்டி, பாசியோடு பெயிண்டையும், பெயிண்டோடு பூச்சையும் இழந்து, கழுவுவதற்குக் கொடுத்த தொகையைப் போலப் பல மடங்கைச் செப்பனிடுவதற்குக் கொடுக்க நேரிடுகிறது.

கழுவும் வேலையின் நன்மையும் தீமையும் இயந்திரம் ஓடத் தொடங்கும் முன்பே நிச்சயமாகிவிடுகின்றன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பிரதான விஷயம். சுவர் எதனால் ஆனது, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அந்த வேலையால் யாருக்கு இடைஞ்சலும் ஆபத்தும் நேரக்கூடும் என்பவற்றை முன்கூட்டி அறிந்தவருக்கு இயந்திரம் அடக்கமான வேலையாள். அறியாதவருக்கு அது அடக்க முடியாத முரடன். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசி, கடைக்கட்டடத்தின் சொந்தக்காரர், அலுவலகக் கட்டடத்தின் மேலாளர் ஆகியோரை உத்தேசித்தே கீழ்க்கண்ட முறைகள் கூறப்படுகின்றன.

சுவரைப் பரிசோதித்தல்

முதல் காரியம், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கட்டடத்தைச் சுற்றி வருவது. நான்கு புறங்களையும், மொட்டை மாடியையும், வாகனம் நிறுத்தும் தரைத்தளத்தையும் தனித்தனியே பார்த்து, ஒவ்வொரு பரப்பும் எப்பொருளால் ஆனது, அதன்மீது படிந்திருப்பது என்ன வகைக் கறை, எங்கெங்கே விரிசலும் உடைசலும் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ள வேண்டும். புகைப்படமும் எடுத்து வைப்பது உசிதம். வேலை முடிந்த பிறகு “இந்த விரிசல் முன்பே இருந்தது” என்று கன்ட்ராக்டரும், “இல்லை, உங்களால் வந்தது” என்று சங்கத்தாரும் வாதாட இடமில்லாமற் போகும்.

பூச்சின் நிலையை அறிவதற்கு இரண்டு எளிய பரிசோதனைகள் உண்டு. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால், மாவு போன்ற வெண்பொடி கையில் ஒட்டுமாயின், பெயிண்டின் பசை போய்விட்டது என்பது தெரியும்; அத்தகைய சுவரை எவ்வளவு மென்மையாகக் கழுவினாலும் பெயிண்டு திட்டுத்திட்டாகப் போய்விடுமாதலால், மறுபடி பெயிண்டு அடிக்கும் ஆண்டில்தான் அதைக் கழுவ வேண்டும். இரண்டாவதாக, சுத்தியலின் மரக்கைப்பிடி கொண்டு ஓரடிக்கு ஓரிடமாகச் சுவரைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். செங்கல்லோடு ஒட்டியிருக்கும் பூச்சு ‘டக் டக்’ என்று கெட்டியான ஓசை தரும். உள்ளே விட்டுப்போன பூச்சோ, ‘டொப்’ என்று வெற்றோசை எழுப்பும். வெற்றோசை கேட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு விட்டால், அங்கே நீர்விசை படக்கூடாது என்பதும், முதலில் கொத்தனாரைக் கொண்டு பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூச வேண்டும் என்பதும் வேலையாட்களுக்கு வாய்விட்டுச் சொல்லாமலே விளங்கும்.

பரப்புகளின் குணங்களைச் சுருக்கமாகக் கூறலாம். மெருகேற்றாத கருங்கல்லும் உறுதியான கான்கிரீட்டுத் தரையும் அதிக விசையைத் தாங்கும். பேவர் கற்கள் பதித்த நடைபாதையில் கல் தாங்கினாலும், கற்களுக்கிடையே நிரப்பிய மணல் பறந்துவிடும். கழுவி உலர்ந்தபின் மணலை மறுபடி பரப்பிப் பெருக்கி நிரப்பாவிட்டால், சில மாதங்களில் கற்கள் ஆடத் தொடங்கும். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையின்மேல் பதித்த தட்டோடுகள் பழமையானவையாயின், அவற்றின் இணைப்புகளை நீர்விசை பெயர்த்துவிடும். அங்கே துடைப்பமும் சாதாரணக் குழாய் நீருமே போதும். வணிகக் கட்டடங்களின் முகப்பில் பொருத்தும் அலுமினியக் கலவைத் தகடுகளுக்கும் கண்ணாடிகளுக்கும் இடையில் உள்ள சிலிக்கான் பசையை நேரே குறிவைத்துப் பீய்ச்சினால், அடுத்த மழையில் நீர் உள்ளே புகும்.

இரண்டு பரப்புகளை இந்த இயந்திரம் அணுகவே கூடாது. ஒன்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாகனக் கொட்டகைகளின்மீதும் கடைகளின் பின்புறத்திலும் இன்னும் ஏராளமாக உள்ள இத்தகடுகளை நீர்விசையால் கழுவும்போது, அவற்றின் மேற்பரப்புச் சிதைந்து, நுரையீரலுக்குப் பரம சத்துருவான நுண்ணிய இழைகள் விடுபடுகின்றன. நீரோடு ஓடி உலர்ந்தபின் அவை காற்றில் கலக்கின்றன. மற்றொன்று, சுண்ணாம்புச் சாந்தால் கட்டிப் பூசிய பழைய கட்டடங்கள். 1892-ல் எழுந்த உயர்நீதிமன்றத்தின் காலத்தையும், 1913-ல் எழுந்த ரிப்பன் மாளிகையின் காலத்தையும் சேர்ந்த கட்டடங்கள் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் இன்றும் வியாபார ஸ்தலங்களாக விளங்குகின்றன. இவற்றின் சாந்து சிமெண்டைவிட மிருதுவானது. செங்கல்லின் சுட்ட மேல்தோல் ஒருமுறை உரிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு மழையும் அதை அரிக்கும். பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றதாயின், எதையும் தொடுமுன் உரிய குழுவின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

விசையின் அளவு

நீரின் அழுத்தத்தைப் ‘பார்’ என்னும் அலகால் கணக்கிடுகிறார்கள். 1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டியது. கன்ட்ராக்டர் கொண்டுவரும் இயந்திரமோ சாதாரணமாக 150 பார் வரை தரவல்லது, அதாவது சுமார் 70 மடங்கு. அவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்காக அவ்வளவையும் செலவிட வேண்டியதில்லை. கறை போவதற்குப் போதுமான மிகக் குறைந்த அழுத்தமே சரியான அழுத்தம் என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளலாம்.

அழுத்தத்தைப் போலவே, நீரைப் பீய்ச்சும் முனையாகிய நாசிலின் கோணமும் முக்கியம். சர்வதேச வழக்கத்தில் சிவப்பு நாசில் விரியாத நேர்க்கோட்டுத் தாரையைத் தரும். மஞ்சள் 15 பாகையும், பச்சை 25 பாகையும், வெள்ளை 40 பாகையும் விரியும். கறுப்பு, சோப்பு நீரைக் குறைந்த விசையில் தெளிப்பதற்கானது. சுவர் வேலைக்குச் சிவப்பு நாசில் எக்காலத்திலும் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பெயிண்டு அடித்த சுவருக்கு வெள்ளையும், தரைக்குப் பச்சையும் பொதுவாகப் போதும்.

மூன்றாவது, தூரம். வெள்ளை நாசிலைச் சுவரிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் நீர் படும் பட்டையின் அகலம் ஒரு சாணுக்குச் சற்றேறக்குறைய இருக்கும், 60 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அகலம் இரட்டிக்கும், சுவரின்மேல் படும் விசை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். ஆகையால் பழகிய வேலையாள் தூரத்திலிருந்து தொடங்கி, கறை அசையும் இடம் வரையில் மெல்ல நெருங்குவான். பழகாதவன் நெருக்கத்தில் தொடங்கி, சுவரில் வெள்ளைக் கீறல் விழுந்த பிறகு பின்வாங்குவான்.

இவை மூன்றையும் நிர்ணயிப்பதற்குச் சிறந்த வழி, கண்ணில் எளிதில் படாத மூலையில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மாதிரிக் கழுவல் செய்துபார்ப்பது. நனைந்த சுவர் எல்லாக் குறைகளையும் மறைத்துப் பளபளக்குமாதலால், மறுநாள் அது காய்ந்த பிறகு, காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். கோடுகளோ திட்டுகளோ தெரியாமல், கறை மட்டும் போயிருந்தால், அதே நாசிலையும் அதே அழுத்தத்தையும் அதே தூரத்தையும் குறித்துக்கொண்டு, முழு வேலைக்கும் அதையே அளவுகோலாக வைக்கலாம்.

மருந்தும் அதன் அபாயமும்

பாசிக்கு உயிருண்டு, வெறும் விசையால் மேலே இருப்பதைச் சிதறடித்தால், துளைகளில் எஞ்சியது அடுத்த மழையில் மறுபடி முளைக்கும். எனவே சுமார் 1 சதவீத வலிமையுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலைக் குறைந்த விசையில் தெளித்து, 10 முதல் 15 நிமிஷம் வரை உலரவிடாமல் ஊறவைத்து, பிறகு மென்மையாகக் கழுவுவதே சிறந்தது. மருந்து வேலை செய்துவிட்ட சுவருக்கு 150 பாரின் தேவை இராது. மருந்தைக் கீழிருந்து மேலாகத் தெளிப்பதும், நீரை மேலிருந்து கீழாக விட்டு அலசுவதும் முறை. மேலிருந்து தெளித்தால், உலர்ந்த சுவரில் மருந்து வழிந்த தாரைகள் நிரந்தரக் கோடுகளாகிவிடும். உச்சி வெயிலில் மருந்து சட்டென்று காய்ந்துவிடுமாதலால், காலை வேளையே உகந்தது. தெளிக்குமுன் துளசி, செம்பருத்தி முதலிய செடிகளை நன்றாக நனைத்துத் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும்.

பல கன்ட்ராக்டர்கள் எதற்கெடுத்தாலும் ஆசிட்டைக் கையிலெடுக்கிறார்கள். ஆசிட் சிமெண்டை அரிக்கும். சலவைக்கல்லையும், சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்த கடப்பைக் கல்லையும் மெருகு குலையச் செய்யும். எல்லாவற்றிற்கும் மேலாக, ப்ளீச்சிங் பவுடரோ ஹைப்போகுளோரைட்டோ பட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் என்னும் விஷவாயு எழும். காற்றோட்டமில்லாத தரைத்தளத்தில் அது உயிருக்கே அபாயம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவர அனுமதிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

புறா எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏசி இயந்திரங்களின் தட்டிலும் ஜன்னல் மேடைகளிலும் காய்ந்து குவிந்துள்ள எச்சத்தின் தூசு நுரையீரல் நோய்க்குக் காரணமாகக்கூடும். காய்ந்த நிலையில் அதன்மீது விசையைச் செலுத்தவே கூடாது. முதலில் சாதாரண நீரால் நன்கு ஊறவைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்த ஆள் வாரி எடுத்து மூட்டையாகக் கட்டிய பிறகுதான் கழுவ வேண்டும்.

நீரின் வரவும் போக்கும்

சிறிய வணிக இயந்திரம் ஒன்று மணிக்குச் சுமார் 600 லிட்டர் நீரைச் செலவிடும். நாளொன்றில், நாசில் பொருத்திய கைப்பிடியாகிய ‘கன்’னை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் 5 மணி என்று வைத்துக்கொண்டால் 3,000 லிட்டர். இரண்டு இயந்திரங்கள் ஓடினால் 6,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு நாளைக்குக் காணும். இந்தக் கணக்கைப் போடாமல் குடியிருப்பின் சம்ப் தொட்டியிலிருந்தே நீரை இறைத்தால், நண்பகலில் நான்காவது மாடியில் குழாய் வறண்டு, மறுநாள் கமிட்டிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி மூளும். 2019-ன் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி நகரம் லாரிகளை நம்பி வாழ்ந்ததைக் கண்டவர்கள், சித்திரைக்குப் பிறகு சுவர் கழுவ நீர் கேட்பதை அடாத செயலாகவே கருதுவார்கள். பொங்கல் கழிந்த நாள் முதல் மாசி இறுதி வரையிலான காலமே, மழையின்மையும் நீர்வளமும் மிதமான வெயிலும் ஒருங்கே அமைந்த சரியான பருவம்.

நீரின் தரமும் கவனிக்கத்தக்கது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர் சுவருக்குக் கெடுதல் செய்யாது; ஆனால் கண்ணாடியில் உலர்ந்தால் வெண்புள்ளிகளை விட்டுச் செல்லுமாதலால், கண்ணாடி முகப்புகளைக் கடைசியாக மென்னீரால் அலசி ரப்பர் துடைப்பானால் வழித்தெடுக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெற்ற நீரை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது. விசையால் நுண்திவலைகளாகும் நீரை வேலையாட்களும் குடியிருப்போரும் சுவாசிக்க நேரிடும்.

வந்த நீர் போகும் வழியைப் பற்றிப் பெரும்பாலோர் சிந்திப்பதே இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதன் பயனாக, மொட்டை மாடியின் நீர் பெரும்பாலான கட்டடங்களில் குழாய் வழியே கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ செல்கிறது. மாடியைக் கழுவிய பாசியும் ஹைப்போகுளோரைட்டும் அதே குழாயில் இறங்கினால், நாம் இறைத்துப் புழங்கும் நிலத்தடி நீரை நாமே கெடுத்தவர்களாவோம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வாட்ச்மேனுக்கும் பிளம்பருக்கும் நினைவில்லாவிட்டால், ஒரு வாளி நீரில் மஞ்சள்தூளைக் கரைத்து மாடித் துவாரம் ஒன்றில் ஊற்றி, ஒருவர் கீழே நின்று பார்த்தால் போதும்: மஞ்சள் நீர் தெருப்பக்கம் வருகிறதா, கிணற்றில் விழுகிறதா, குழியில் மறைகிறதா என்பது சில நிமிஷங்களில் வெளியாகும். ஒவ்வொரு துவாரத்தையும் இவ்வாறு சோதித்து எண்ணிட்டு, கிணற்றுக்குப் போகும் துவாரங்களை வேலை நாளில் கோணித்துணியால் அடைத்து, நீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அடைப்பை எடுத்துவிட்டதைக் காரியதரிசியே நேரில் பார்த்து உறுதிசெய்வது நலம்.

தெருவோர மழைநீர் வடிகால் கூவத்துக்கோ, அடையாற்றுக்கோ, பக்கிங்காம் கால்வாய்க்கோ சென்று கடலில் கலப்பது. ஆகையால் எண்ணெய்க் கறை படிந்த வாகனத் தரையையும், உணவு விடுதியின் பின்கட்டையும் கழுவிய நீரை அதில் விடலாகாது. எண்ணெயை முதலில் மரத்தூளால் உறிஞ்சியெடுத்து, பிறகு கழுவி, அந்த நீரை உரிய கழிவுநீர் இணைப்பில் விட வேண்டும். சம்ப் தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், அதன் விளிம்பைச் சுற்றி மணல்மூட்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்த மறக்கலாகாது. அடைபட்ட சாக்கடையோ கழிவுத்தொட்டியோ குறுக்கிட்டால், “ஒரு ஆளை இறக்கிவிடுகிறேன்” என்று கன்ட்ராக்டர் சொல்லக்கூடும். பாதுகாப்புச் சாதனங்களின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மனிதன் இறங்கவே கூடாது. இயந்திரத்தைத்தான் வரவழைக்க வேண்டும்.

சம்மதமும் அறிவிப்பும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் புறச்சுவரும் மொட்டை மாடியும் எல்லோருக்கும் பொதுவானவை. ஆகவே செலவும் பொது, முடிவும் பொது. கமிட்டி தனக்குள் பேசி முடித்துவிடாமல், உத்தேசச் செலவு, வேலை நாட்கள், தொகை மாதச் சந்தாவிலிருந்தா அல்லது கார்ப்பஸ் நிதியிலிருந்தா என்பவற்றைப் பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்வது பின்னாளைய மனத்தாங்கலைத் தவிர்க்கும். வாடகைக்கு விட்ட வணிகக் கட்டடத்திலோ, புறச்சுவரின் பராமரிப்பு சொந்தக்காரரைச் சேர்ந்ததா, கடைக்காரர்களைச் சேர்ந்ததா என்பதை வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

நேரத்தைத் தேர்வது ஒரு கலை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையிலான காலத்தைப் பகலென வகுத்து, அப்போது குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபலையும் வணிகப் பகுதியில் 65 டெசிபலையும் எல்லையாக விதிக்கின்றன. குடியிருப்பில் 9 மணிக்குமுன் தொடங்காமலும், பொதுத்தேர்வு நாட்களைத் தவிர்த்தும் வேலையை வைத்துக்கொள்ளலாம். தியாகராய நகர் போன்ற கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் மிகுதி; அங்கே வாரநாளில் காலை 6 மணிக்குத் தொடங்கி, ஷட்டர்கள் திறக்குமுன் தரை காயும்படி முடிப்பதே உகந்தது. அலுவலகக் கட்டடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பொருந்தும்.

ஒரு வாரத்துக்குமுன் அறிவிப்புப் பலகையிலும், முந்திய நாள் மாலை வீடு வீடாகவும் செய்தி போய்ச் சேர வேண்டும். பின்வரும் மாதிரியைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

“குடியிருப்போர் கவனத்திற்கு. வரும் சனி, ஞாயிறு இரு தினங்களிலும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நமது கட்டடத்தின் வடக்கு, மேற்குச் சுவர்கள் நீர்விசையால் கழுவப்படும். அந்நேரத்தில் அப்பக்கத்து ஜன்னல்களை மூடித் தாழிட்டு, ஏசி இயந்திரங்களை நிறுத்திவைக்கவும். பால்கனியிலுள்ள துணிகளையும் பூந்தொட்டிகளையும் முந்திய இரவே உள்ளே எடுத்துவிடவும். மேற்குப் பக்கம் நிறுத்தும் வாகனங்களைக் காலை 8 மணிக்குள் அகற்றவும். மொட்டை மாடியில் வடகம், வற்றல் உலர்த்த வேண்டாம். குழந்தைகளைக் கயிறு கட்டிய எல்லைக்குள் விட வேண்டாம். முதியவர்களுக்கோ நோயாளிகளுக்கோ சிரமம் இருக்குமானால், முன்கூட்டியே காரியதரிசியிடம் தெரிவிக்கக் கோருகிறோம்.”

உயரமும் மின்சாரமும்

இவ்வேலையில் உயிருக்கு ஆபத்து நேரும் வழிகள் மூன்று. முதலாவது, உயரம். 150 பாரில் இயங்கும் கன் கையை ஏறக்குறைய 3 கிலோ விசையோடு பின்னோக்கித் தள்ளும். நனைந்த ஏணியின்மீதோ சவுக்குக் கம்புச் சாரத்தின்மீதோ நிற்பவனைத் தடுமாறச் செய்ய அதுவே போதும். இரண்டு மாடி உயரம் வரையில் தரையிலிருந்தே நீட்டுக் குழலால் எட்டலாம். அதற்கு மேல் கயிற்றில் தொங்கி வேலை செய்வதாயின், ஒவ்வொரு ஆளுக்கும் வேலைக்கயிறு ஒன்றும் காப்புக்கயிறு ஒன்றுமாக இரண்டு வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடங்களில் கட்டப்பட வேண்டும். கைப்பிடிச் சுவர், நீர்க்குழாய், டிஷ் ஆண்டெனாக் கம்பம் ஆகியவற்றில் எதையும் கட்டலாகாது. இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை போதாது; முழு உடலையும் தாங்கும் பட்டை அவசியம். காற்று பலத்தால் வேலை நிற்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். ஈபி மீட்டர் பெட்டிகள், லிஃப்டின் மேலறை, பெயர்ப்பலகை விளக்குகள், சிசிடிவி காமிராக்கள் யாவும் முந்திய நாளே மூடிக் கட்டப்பட வேண்டும். மூடுவதற்கு இயலாதவற்றின் மின்னோட்டத்தைத் துண்டித்துவிட வேண்டும். இயந்திரத்துக்கு மின்சாரம் பொது மீட்டரிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியின் வழியாக வர வேண்டும். இணைப்புகள் ஈரத் தரையில் கிடக்கலாகாது. பெரிய இயந்திரத்துக்கு த்ரீ பேஸ் இணைப்புத் தேவையாதலால், அதையும் முன்னரே விசாரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நீர்த்தாரையே. நெருக்கத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே சிறு புள்ளியாகவே தோன்றும் காயத்தின் உள்ளே தசை நெடுந்தூரம் சேதமுற்றிருக்கலாம். ஆகையால் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பாமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலில் பூட்ஸும் கண்ணில் காப்புக் கண்ணாடியும் இல்லாத ஆளை வேலையில் நிறுத்தலாகாது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

மூன்று கன்ட்ராக்டர்களையாவது ஸ்தலத்துக்கு வரவழைத்துப் பார்த்த பிறகே விலை கேட்க வேண்டும். போனிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்பவர் சுவரைப் பாராமல் பேசுகிறார். ஒப்புக்கொண்டவருடன் எழுதும் உடன்படிக்கையில் கீழ்க்கண்டவை தெளிவாக இடம்பெற வேண்டும்:

1. கழுவ வேண்டிய பரப்புகளும், தொடக்கூடாத பரப்புகளும், அளவுகளுடன்.
2. ஒவ்வொரு பரப்புக்கும் மேலெல்லை அழுத்தமும் நாசிலின் நிறமும், மாதிரிக் கழுவலில் தீர்மானித்தபடி.
3. பயன்படுத்தும் மருந்துகளின் பெயரும் வலிமையும்.
4. நீர், மின்சாரம், சாரம் ஆகியவை யாருடைய பொறுப்பு என்பது.
5. வேலையாட்களின் ஈஎஸ்ஐ அல்லது விபத்துக் காப்பீட்டின் நகல்.
6. கண்ணாடி, வாகனம், ஏசி முதலியவை சேதமானால் ஈடு செய்யும் முறை.
7. முன்பணம் எவ்வளவு என்பதும், சுவர் காய்ந்து கூட்டாகப் பார்வையிட்ட பிறகே மிச்சத்தொகை என்பதும்.

இவற்றுள் ஐந்தாவதை நண்பர், உறவினர் என்ற தாட்சண்யத்தால் விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. கயிற்றில் தொங்குகிறவனும் ஒரு குடும்பத்தின் ஆதாரம் என்பதை நினைத்தால், அந்தத் தாட்சண்யம் எவ்வளவு கொடியது என்பது விளங்கும்.

வேலை முடிந்த பின்

சுவர் முழுதும் காய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதன்பின் காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில் சுற்றி வந்து, கோடுகள், விட்டுப்போன இடங்கள், புதிதாகத் தெரியும் விரிசல்கள் ஆகியவற்றைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட வேண்டும். மேல்மாடி வீடுகளில் உட்சுவர் ஈரம் பூத்திருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். பூத்திருந்தால் அது கழுவியவனின் தவறாக மட்டும் இராது, வரும் மழையில் நீர் புகப்போகும் விரிசலை முன்கூட்டிக் காட்டிய அடையாளமாகவும் இருக்கலாம். மறுபடி பெயிண்டு அடிப்பதாக இருந்தால், பூச்சின் உள்ளீரமும் வற்றும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தின்மேல் அடித்த பெயிண்டு கொப்புளித்து உரியும்.

எல்லாச் சுவரையும் ஆண்டுதோறும் கழுவ வேண்டியதில்லை. வடக்குச் சுவரும் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பும் ஆண்டுக்கொரு முறை மென்மையான கழுவலை வேண்டும். வெயில் படும் தெற்கு, மேற்குச் சுவர்கள் பெயிண்டு அடிக்கும் ஆண்டு வரையில் காத்திருக்கலாம். ஏசியின் நீர் சொட்டும் குழாயைச் சுவரைவிட்டு விலக்கி நீட்டுவதும், ஜன்னல் மேடையின் அடியில் நீர் வழியாதபடி தடுப்புக் கோடு அமைப்பதும், துருப்பிடித்த கம்பிக்குப் பெயிண்டு அடிப்பதும் கழுவும் தேவையையே பாதியாகக் குறைத்துவிடும். அழுக்கு வரும் காரணத்தை நீக்காமல் அழுக்கை மட்டும் நீக்குகிறவர், அடுத்த தையிலும் அதே செலவைச் செய்யக் கடமைப்பட்டவராகிறார்.

ஆதலால், புதிதாகப் பொறுப்பேற்ற காரியதரிசிகள் கார்த்திகையிலேயே நோட்டுப் புத்தகத்தோடு கட்டடத்தைச் சுற்றி வரத் தொடங்குவார்களாக. மார்கழியில் பொதுக்குழுவைக் கூட்டி, பொங்கலுக்குப் பின் வேலையை வைத்துக்கொண்டால், அவசரமும் வீண்செலவும் மனத்தாங்கலும் இன்றிக் காரியம் முடியும்.